டிக்கெட்டின் பின்பக்கம்

என் தங்கை பூவிழி பள்ளியில் படித்தபோது நாங்கள் ஒரு கம்ப்யூட்டர் புதிர் விளையாட்டில் மூழ்கிக் கிடந்தோம். ஆளில்லாத தீவு. கடைசிக் கதவுக்கு நான்கு எண்கள் வேண்டும். அவள் பதினோரு நாள் நோட்டில் போட்டுப் பார்த்தாள். நான் தர்மபுரி பிரவுசிங் சென்டரில் விடையைப் பார்த்து, பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்து வந்து, நானே கண்டுபிடித்ததாகச் சொன்னேன். டிக்கெட்டை அடுப்பில் போட்டுவிட்டேன்.

"உங்க மாமன் மூளை யாருக்கு வரும்?" என்று இன்றும் தன் மகளிடம் சொல்வாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

போன ஞாயிறு பென்னாகரம் வந்தவள், "அண்ணா, அதே மாதிரி வேற கேம் இருக்குதா?" என்றாள். தேடி, புதிதாக வந்த ஒன்றை இறக்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. மழை, பூட்டிய பங்களா. மூன்றாவது அறையில் அவள் மேசை டிராயரைத் திறந்தாள். உள்ளே ஓரம் கருகிய பஸ் டிக்கெட் ஒன்று. பென்னாகரம் - தர்மபுரி என்று தமிழில் அச்சாகியிருந்தது.

"அட, நம்மூரு டிக்கெட்டு!" என்று சிரித்தாள்.

அந்த விளையாட்டில் எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்கலாம்.

"போதும், சாப்பிட்டுட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அவள் மவுஸை விடவில்லை. டிக்கெட் மெதுவாகத் திரும்பியது. முதலில் ஒரு ஏழு தெரிந்தது, குறுக்கே கோடு போட்ட ஏழு. எங்கள் வீட்டில் அப்படி எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.