ரெண்டு குதி

போனில் அந்தத் துப்பாக்கி விளையாட்டுக்குள் நுழைந்ததும் பாலத்தடியில் சிவப்புத் தொப்பிக்காரன் காத்திருப்பான். புரியாத எழுத்தில் ஏதோ ஒரு வரி அனுப்புவான். பெனிட்டா தன் வீரனை ரெண்டு தடவை குதிக்க வைப்பாள். முதல் நாள் சும்மா வணக்கம் சொல்கிற மாதிரி குதித்து வைத்தாள். அவன் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அதுவே வழக்கமாகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. கிடைக்கிற மருந்துப்பெட்டியை எல்லாம் அவள் காலடியில் போடுவான். அவளுக்கு வருகிற குண்டைக் குறுக்கே பாய்ந்து தான் வாங்கிக்கொள்வான்.

“அப்டேட் போடுடி. எவன் எந்த பாஷைல எழுதினாலும் இனிமே தமிழ்லயே வருமாம்” என்றாள் அறைத்தோழி சுகிர்தா.

போட்டாள். பாலத்தடியிலிருந்து வரி வந்தது.

“தம்பி, நீதானே? உயிரோடு இருந்தால் எப்போதும்போல இரண்டு முறை குதி. இன்று அம்மாவும் என் பக்கத்தில் இருக்கிறார்.”

“என்னடி சொல்றான் உன் ஆளு?” என்று சுகிர்தா எட்டிப் பார்க்க வந்தாள். பெனிட்டா போனை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள்.

பிறகு, ‘நான் உங்கள் தம்பி இல்லை’ என்று அடித்தாள். அனுப்பினால் அதுவும் அவன் பாஷையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். விரல் அப்படியே நின்றது.

அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தானோ என்னவோ, சிவப்புத் தொப்பிக்காரன் தானே ரெண்டு தடவை குதித்துக் காட்டினான்.