சூட்டளவு

எண் இறங்கிக்கொண்டிருந்தது.

நூற்றுத் தொண்ணூறு டிகிரியில் இருக்க வேண்டியது, நூற்று எழுபதைக் காட்டியது. அவன் குமிழைக் கொஞ்சம் திருகினான். பிறகு இன்னும் கொஞ்சம்.

காபி வறுக்கும் சின்ன இயந்திரம் பால்கனி மேசைமேல் உறுமியது. கண்ணாடிக் குடுவைக்குள் கொட்டைகள் சுழன்றன.

வாங்கியபோது அதற்கு ஒரே சுவிட்ச். போட்டால் காற்றும் சூடும் சேர்ந்தே வரும். சூட்டைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அவன்தான் அதைப் பிரித்தான். காற்றுக்குத் தனி ஒயர், சூட்டுக்குத் தனி ஒயர் என்று இழுத்து, நடுவில் ஒரு ரெகுலேட்டரை வைத்தான். மூடி வழியாக மெல்லிய கம்பி ஒன்றைக் கொட்டைகளுக்குள் இறக்கினான். கம்பியின் மறுமுனையில் சூட்டைக் காட்டும் மீட்டர். சூடு மீறினால் தானே அணைத்துவிடும் ஒரு பாகம் உள்ளே இருந்தது. அது பாதி வறுவலில் அணைத்து அணைத்துக் கெடுத்தது. அதையும் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிட்டான்.

இதற்கு முன் அவனுக்கு மீட்டர் தேவைப்பட்டதே இல்லை.

காபித்தூள் கம்பெனியில் அவனுடைய வேலையே முகர்வதுதான். எஸ்டேட்டுகளிலிருந்து வரும் கொட்டையில் ஒரு பிடி வறுத்து, அரைத்து, முகர்ந்து பார்த்து, இதை எடுக்கலாம், இது வேண்டாம் என்பான். சொன்னால் சொன்னதுதான்.

மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது உலகத்தில் இருந்த வாசனையையெல்லாம் கொண்டுபோய்விட்டது.

திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று சொன்ன டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவி கோகிலாவுக்குக்கூட.

எண் நூற்று அறுபத்தைந்து.

குடுவைக்குள் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. கொட்டை வெடிக்க இந்தச் சூடு போதாதே என்று நினைத்தான். முன்பென்றால் குனிந்து ஒரு மூச்சு இழுத்திருப்பான். அதிலேயே தெரிந்துவிடும். இப்போது மீட்டரைப் பார்த்தான்.

குமிழைக் கடைசி வரை திருகினான்.

கண் எரிந்தது. புகை. வறுத்தால் புகை வரத்தான் செய்யும்.

உள்ளறையில் குழந்தையோடு படுத்திருந்த கோகிலாவின் குரல் கேட்டது.

“ஏனுங்க, என்னமோ கருகுதுங்களே?”

“காபிதான் கண்ணு. நீ தூங்கு.”



“காபி இல்லீங்க. ஒயரு கருகற நாத்தமுங்க.”

அவன் கை குமிழிலேயே நின்றது.

மூச்சை இழுத்தான். வெறும் காற்று. இன்னும் ஆழமாக இழுத்தான். வெறும் காற்று.

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவளுக்குத் தெரிகிறது. இயந்திரத்தின் மேலேயே குனிந்து நிற்கிற அவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் கம்பியைப் பார்த்தான். அது நழுவி மேலே வந்திருந்தது. நுனி கொட்டைகளைத் தொடவே இல்லை. இவ்வளவு நேரமும் மீட்டர் காட்டியது மூடிக்கடியில் இருந்த காற்றின் சூட்டை.

இயந்திரத்தின் அடியில் ஆரஞ்சாக ஏதோ அசைந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். உருகியிருந்த பிளக் விரல்களில் ஒட்டியது. கொட்டைகளைச் சுழற்றிய காற்று நின்றது. நின்றதுதான் தாமதம், குடுவையில் இருந்த கொட்டை மொத்தமும் பற்றிக்கொண்டது. மூடி தெறித்தது. தீ எழும்பி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த குழந்தையின் சட்டையை எட்டியது.

  

மூலையில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தது. செடியை வேரோடு பிடுங்கி எறிந்தான். தொட்டியைத் தூக்கி மண்ணைக் குடுவைமேல் கவிழ்த்தான். சட்டையை இழுத்துப் போட்டு மிதித்தான். மிச்ச மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டான். தீ அணைந்த பிறகும் போட்டுக்கொண்டே இருந்தான்.

திரும்பியபோது கோகிலா பால்கனி வாசலில் நின்றாள். இடுப்பில் குழந்தை. துப்பட்டாவால் அதன் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

“கையக் காட்டுங்க.”

உள்ளே கூட்டிப்போய்க் குழாயைத் திறந்து அவன் விரல்களைத் தண்ணீரில் பிடித்தாள். வெந்த இடம் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“குடலப் புடுங்கற நாத்தம். பக்கத்துலயே நின்னீங்க. உங்களுக்குத் தெரியலீங்களா?”

இந்தக் கேள்விக்காக அவன் எத்தனையோ பதில்களைத் தயாராக வைத்திருந்தான். சளி. மூக்கடைப்பு. வேறு ஏதோ யோசனை.

“தெரியல கோகிலா. எதுவுமே தெரியறதில்ல. அந்தக் காய்ச்சலோட போயிருச்சு.”

அவள் குழாயை மூடினாள்.

கத்துவாள் என்று நினைத்தான். வேலை என்னாவது என்று கேட்பாள் என்று நினைத்தான். குழந்தையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. அவனைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள்.

அன்று மத்தியானம் அவள் அசந்து தூங்கியபோது குழந்தைக்குப் பால் கொடுத்தது அவன்தான். மேடைமேல் இருந்த பாத்திரத்திலிருந்து புட்டியில் ஊற்றினான். இன்றைய பாலா, நேற்றைய பாலா என்று பார்க்கவில்லை. குழந்தை முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதது. தூக்கத்துக்கு அழுகிறது என்று நினைத்து முழுவதையும் புகட்டிவிட்டான்.

கோகிலா அந்தப் பால் பாத்திரத்தின் மூடியை எடுத்தாள். குனிந்து முகர்ந்தாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மறுபடியும் முகர்ந்தாள்.