உறை ஊற்றாத பச்சடி

பாலும் தயிரும் உடம்புக்கு ஆகாத சிறுமி யாழிக்காக, நாளைய விருந்தில் வெள்ளரிப் பச்சடி ஆகியே தீருவேன் என்று தேங்காய்ப்பால் ஒற்றைக்காலில் நின்றது.

"என்கிட்டருந்து ஒரு சொட்டு விழாம நீ எப்படி உறைவே?" என்று சிரித்தது தயிர். "வேணும்னா ஒரு கரண்டி வாங்கிக்க."

"உன் சொட்டு பட்டா அவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சுடும். வேண்டாம்."

உறைமோர் இல்லாமலே உறைய வைக்கும் என்று, கிள்ளிப் போட்டிருந்த மிளகாய்க் காம்புகளைக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான தன் மடியில் இறக்கிக்கொண்டது தேங்காய்ப்பால். இரவெல்லாம் அசையவே இல்லை; விடிவதற்குள் தயிர் போலவே கெட்டியாக உறைந்திருந்தது.

மறுநாள் யாழி பச்சடியில் கை வைத்ததும் புளிப்பு வாசம் எழுந்தது. அவள் அம்மா பதறிக் கையைப் பிடித்தாள். "ஐயோ, இதுல யாரு தயிரை ஊத்தினது?"

எல்லோரும் தயிர்ச்சட்டியைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் இல்லைங்க," என்றது தயிர்.