மேடையில் விழுந்த அறை

தணிகாசலம் எழுதி நடித்துவந்த நாடகத்தில் கதாநாயகியாக நடிப்பவளுக்கு அன்று காய்ச்சல். பதினெட்டு வருடமாகப் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்து வந்த அவர் மனைவி செண்பகவல்லிக்கு அவசர அவசரமாக அரிதாரம் பூசி மேடையேற்றினார்கள். கடைசிக் காட்சியில் கணவன் சந்தேகப்பட்டு அறைவான். மனைவி அவன் காலில் விழுந்து, "என்னை மன்னித்துவிடுங்கள், அத்தான்" என்று கதறவேண்டும். எந்த ஊரிலும் அந்த இடத்துக்குக் கைதட்டல் உண்டு.

கணவனாக நடித்த தணிகாசலம் கையை ஓங்கினார். மற்ற நடிகைகளுக்கு அது கன்னத்தை உரசாமல் காற்றில் போகும். இன்று பளாரென்று விழுந்தது. வலியைவிட அவளைச் சுட்டது வேறு. ஊரான் வீட்டுப் பெண்களின் கன்னத்துக்கு இத்தனை வருடம் இருந்த மரியாதை தன் கன்னத்துக்கு இல்லை.

அவள் நின்றபடியே நின்றாள்.

"விழுடி," என்று பல்லைக் கடித்தார். "வசனம் மறந்துபோச்சா?"

"மறக்கல." கடைசி வரிசைவரை கேட்டது அவள் குரல். "நான் என்ன தப்புப் பண்ணேன்? அத நீங்க எந்தப் பக்கத்துலயும் எழுதலயே."

கொட்டகையில் பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "அதானே, சொல்லுய்யா!" என்றாள். தணிகாசலம் திரையை இறக்கச் சொல்லி ஓரத்துக்குச் சைகை காட்டினார்.

கயிற்றைப் பிடித்திருந்தவனைச் செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள்.

"இருங்கண்ணே. அவரு பதில் சொல்லட்டும்."