தயிரில் தெரிந்த கோலம்

யுத்தம் முடிந்த வருஷம் பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் வாங்கிய மைக்ராஸ்கோப்பைப் பஞ்சாபகேசன் மாதுங்கா வீட்டு ஜன்னலோரம் வைத்தார். அடிக்கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு சொட்டுத் தயிரைக் கண்ணாடிச் சில்லில் தடவி வைத்து, திருகை மெல்லத் திருப்பினார். கிருமிகள் கோலமாக நின்றன.

மனைவி தர்மாம்பாள் குனிந்து பார்த்தாள். "இது எதிராத்து மாமி கோலம்னா. நேத்து உறைமோர் அங்கேதானே வாங்கினேன்."

அவளுக்கு அவமானமாகிவிட்டது. அன்று மிளகாய்க் காம்பைப் போட்டுப் பாலை உறைய வைத்தாள். மறுநாள் தயிரில் அவள் கைக் கோலம் தெரிந்தது.

"நான் இன்னும் வாசல்ல போடவே இல்லையே" என்றாள். பிறகு அதைப் பார்த்தே போட்டாள். தினமும் யோசிக்கிற வேலை மிச்சமாயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை கிருமிகள் இருந்தன, கோலம் இல்லை. சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் கோலம் இருக்காது. தர்மாம்பாள் மாவு டப்பாவை மூடினாள்.

"ரயில்ல தொங்கிண்டு போக வேண்டாம். லீவு போட்டுடுங்கோ."

"நீயும் அடுப்பு மூட்டாதே" என்றார் அவர்.

இருவரும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் எதிராத்து மாமி கிண்ணத்தோடு வந்து, கொஞ்சம் உறைமோர் கேட்டாள்.

தர்மாம்பாள் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருந்த தயிர் அத்தனையையும் வழித்துக் கொடுத்தாள்.