நானூற்றுப் பதினேழிலிருந்து

ஏழு, ஏழு, ஏழு. சூட்கேஸ் பூட்டு அசையவில்லை.

கல்யாண நாள், கணவனின் பிறந்த நாள், வீட்டு எண் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. சரியான கல்லுளிமங்கன் பூட்டு.

மூன்று சக்கரம், சக்கரத்துக்குப் பத்து எண். முப்பது தடவை உருட்டினால் திறந்துதானே ஆகவேண்டும்?

"முப்பது தாண்டியாச்சு, இன்னும் என்ன கேடு உனக்கு?" என்று பூட்டைத் திட்டினாள்.

அந்த சூட்கேஸுக்குள் அவளுடைய நர்சிங் சான்றிதழ் இருந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று கணவன் வாங்கி வைத்துப் பூட்டி மூன்று வருடம் ஆகிறது. நாளைக் காலை நேர்காணல். சலூனுக்குப் போனவன் அரை மணி நேரத்தில் வந்துவிடுவான்.

வாசலில் நிழல் தட்டியது. நாத்தனார்.

அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத தங்கை. போட்டுக் கொடுக்க ஒரு போன் போதும்.

நாத்தனார் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, பக்கத்தில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"கூட்டக் கூடாது அண்ணி, பெருக்கணும். ஒரு சக்கரம்னா பத்து. ரெண்டுன்னா பத்துப் பத்து நூறு. மூணுன்னா ஆயிரம். பத்துக்கு மேல சின்னதா ஒரு மூணு போடுவாங்களே, அதான் இது."

அந்தப் பொடி மூன்று அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது. ஆயிரம் தடவை! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"முதல்லேருந்து வேணாம். நானூத்திப் பதினேழுலேருந்து உருட்டுங்க. மிச்சத்துக்கு இருபது நிமிஷம் போதும்."

கணக்குப் படித்த பெண் சொன்னால் அதில் ஏதாவது சூட்சுமம் இருக்கும். கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

அவள் உருட்ட உருட்ட, நாத்தனார் கொக்கியை இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஐந்நூறு தாண்டியது. அறுநூறு தாண்டியது. கட்டைவிரல் மரத்துப்போனது. தெருவில் பைக் சத்தம் கேட்டபோதெல்லாம் இருவருக்கும் உயிர் போய்த் திரும்பியது.

எழுநூற்று நாற்பத்திரண்டில் கொக்கி டக்கென்று விடுபட்டது.

மேலாகவே இருந்தது அவளுடைய சான்றிதழ். அதை நெஞ்சோடு அணைத்தபடி எழுந்தவள், நாத்தனார் இன்னும் எழாததைப் பார்த்தாள்.

நாத்தனார் சூட்கேஸின் அடியில் கைவிட்டு ஒரு பழுப்பு உறையை உருவினாள். உள்ளே நாத்தனாரின் பட்டச் சான்றிதழ்.

"நானூத்திப் பதினாறு வரைக்கும் நான் ஏற்கெனவே போட்டுப் பாத்துட்டேன் அண்ணி" என்றாள். "அப்பதான் நீங்க வர்ற சத்தம் கேட்டுச்சு."