கருகாத ஸ்விட்ச்

"கையெழுத்துப் போட மாட்டேன், சார். அந்தச் சின்ன ஸ்விட்ச் கருகிடும்," என்றாள் யூஷான்.

பெங் தன் சாப்பாட்டு டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்தார். வறுத்த பன்றித் துண்டு ஒன்று துள்ளி வெளியே விழுந்தது.

"கருகலைங்கறேன். இந்தக் கையால சொருகிச் சொருகிப் பார்த்தாச்சு, ஒண்ணுகூடக் கருகல. இன்னும் எந்தச் சாமி இறங்கி வந்து சொல்லணும் உனக்கு?"

ஷின்ச்சூ நகரத்தில் சர்வர் கார்டு செய்கிற கம்பெனி அது. கார்டை வடிவமைப்பவள் யூஷான்; அவள் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். சோதனைக்கூடத்துக்குத் தலைவர் பெங். அவருக்கு அனுபவம் அதிகம், கோபம் அதைவிட அதிகம். இருவருக்கும் காலையிலிருந்து இந்தச் சண்டைதான்.

கார்டுகளை வரிசையாகச் சொருகி வைக்கும் சர்வர் ரேக்கை யாரும் அணைப்பதில்லை. ஒரு கார்டு கெட்டால், ரேக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை உருவிவிட்டு வேறு கார்டைச் சொருகுவார்கள். சொருகும் அந்தக் கணத்தில் திபுதிபுவென்று பாயும் மின்சாரத்தை மடக்கி, மெல்ல உள்ளே விடுவதற்குத்தான் கார்டின் வாசலில் இந்த ஸ்விட்ச். பழைய ரேக்குகளில் பன்னிரண்டு வோல்ட். எந்த ஸ்விட்சும் சமாளித்துவிடும். புது ரேக்கில் நானூறு.

"யூஷான், நீ கேக்கறது ஸ்விட்சா, ஆனையா?" என்றாள் கொள்முதல் பிரிவு மெய்லான். "கார்டுல பாதி இடத்தை அதுவே அடைச்சுக்குது. விலையும் கூட. ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள எனக்கு நரைச்சிடும்."

"ஆனை சுமக்கற சுமையை ஆனைதான் சுமக்கணும், அக்கா. கார்டு ஓடும்போது சின்ன ஸ்விட்ச் சூடே ஆகாது, ஒத்துக்கறேன். சொருகற நேரத்துலதான் வினை. நானூறு வோல்ட்டும் அது தலையில வந்து உட்காரும். தாங்காது. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன்."

"கணக்கு!" பெங் பல்லைக் கடித்தார். "உன் கணக்கைவிட அந்தப் பச்சைப் பையை நம்பலாம்."

அறை மூலையில் நின்ற பழைய ரேக்கின் மேல் பச்சைப் பை நிறையச் சோளப்பொரி இருந்தது. மெஷின் மக்கர் பண்ணாமலிருக்க, ராசி என்று எல்லா லேபிலும் வைப்பதுதான். யூஷானுக்குக் காது மடல் சிவந்தது.

"கேலி பண்ணாதீங்க, சார். இது காவ்ஷியுங் ஆஸ்பத்திரிக்குப் போற சரக்கு. அங்கே ஒரு கார்டு பத்திக்கிட்டாலும் ரேக் மொத்தமும் படுத்துடும். ஐசியூல கிடக்கறவன் நிலவரமெல்லாம் அதுலதான் ஓடுது. அவங்க கார்டை மாத்தும்போது..."

"நிறுத்து. எனக்கே பாடம் எடுக்கறியா? நீ பால் குடிச்சிட்டிருந்தப்பவே நான் ரேக்குக்குள்ள தலையை விட்டவன்." மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். "சாயங்காலம் லாரி கிளம்புது. அதுக்குள்ள உன் கையெழுத்து வரலேன்னா நேரா டைரக்டர் ரூமுக்குப் போவேன். அப்புறம் நீ டிசைன்ல இருக்க மாட்டே. ஸ்டோர்ல உட்கார்ந்து திருகாணி பொறுக்கு."

அவர் செய்யக்கூடியவர்தான். இதற்குமுன் இரண்டு பேரை அப்படி அனுப்பியிருக்கிறார்.

"பேசாம போட்டுடு," என்றாள் மெய்லான், குரலைத் தாழ்த்தி. "கருகலைன்னு அவரே பொறுப்பா சொல்றாரே. உனக்கென்ன வந்தது?"

யூஷான் பேனாவை எடுத்தாள். பெங் மேல் ஆத்திரம்; இப்போது தன்மேலும்தான். மனிதர் முரடரே தவிரப் புளுகர் இல்லை. ஒன்றுகூடக் கருகவில்லை என்றால் கருகவில்லைதான். அப்படியானால் கணக்கில் எங்கே கோட்டை விட்டாள்? எத்தனை முறை போட்டாலும் அதே விடைதானே வந்தது?

பேனாவை மூடினாள்.

"ஒரே ஒரு தடவை என் கண்ணு முன்னாடி சொருகிக் காட்டுங்க, சார். கருகலைன்னா அந்த இடத்துலயே போட்டுடறேன். ஸ்டோருக்கும் நானே போயிடறேன்."

சோதனை நடக்கும்போது எவரையும் உள்ளே விடாதது பெங்கின் சட்டம். ஆனால் ஒரு சின்னப் பெண் சவால் விட்ட பிறகு சட்டமாவது மண்ணாவது.

"வா. மெய்லான், நீயும் வா, சாட்சிக்கு."

சோதனை ரேக் பேரிரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. பெங் தடித்த ரப்பர் கையுறைகளை மாட்டிக்கொண்டார். சின்ன ஸ்விட்ச் வைத்த புதுக் கார்டு ஒன்றை எடுத்து யூஷானின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நல்லா பார்த்துக்க. நாளைக்கு, கிழவன் ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

"பார்த்துட்டேன், சார். சொருகுங்க."

பெங் விடுவிடுவென்று ரேக்கின் பின்பக்கம் போனார். கடக்கென்று ஒரு சத்தம். இரைச்சல் அப்படியே அடங்கியது. ரேக்கின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"ஏன் சார் மெயினை அணைச்சீங்க?"

பெங் தலையை மட்டும் வெளியே நீட்டி, இப்படியும் ஒரு முட்டாள் உண்டா என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

"பின்னே? பன்னிரண்டு வோல்ட்டா இது, விளையாட? நானூறும்மா. கரண்ட் ஓடறப்ப எவனாவது இதுக்குள்ள கையை விடுவானா? மொதல்லேர்ந்தே மெயினை அணைச்சுட்டுத்தான் சொருகறேன், ஒண்ணாவது கருகியிருக்கா, சொல்லு பார்ப்போம்."